பங்கோரில் என்னைத் தூங்க வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் பங்கோர் தீவிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், எங்கள் பாய்மரப் படகு தீவுக்கு எதிர்க்கரையில் லுமுட்டில் பத்திரமாகக் கிடக்கிறது. தீவின் மேற்குக் கரையில் இருக்கிற தெலுக் நீப்பாவில் அன்று விடியற்காலை அவர் கையில் அடிபட்டு, பெரிய நங்கூரத்தை விட்டுவிட்டு நாங்கள் தப்பி வந்த கதையை நீங்களே ஆளுக்கு ஆள் பகிர்ந்து கடைசியில் எனக்கே அனுப்பி வைத்துவிட்டீர்கள், அதனால் அதை மறுபடி எழுதப் போவதில்லை. எழுத மனசும் வரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. ஆபத்தில் கூப்பிடுகிற 16-ஆம் வானொலி அலைவரிசையில் என் கத்தலுக்கு நிதானமாகப் பதில் சொன்ன அந்தக் குரலுக்கு, ரோந்துப் படகில் வந்து எங்களைத் தீவின் கிழக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போன பையன்களுக்கு, நாங்கள் சங்கிலியோடு விட்டுவிட்டு வந்த பெரிய நங்கூரத்தை மூழ்கித் தேடி எடுத்துக் கொடுத்த பிரெஞ்சுத் தம்பதிக்கு, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து "அசையுது அங்கிள், பயப்படாதீங்க" என்று சொன்ன தாதிக்கு, காசு வாங்காமல் என் மகளைப் படகில் ஏற்றிவிட்ட துறைமுகத்து அண்ணனுக்கு, பத்திரகாளியம்மன் கோவிலிலிருந்து சோறும் ரசமும் கட்டிக் கொடுத்தனுப்பிய அக்காவுக்கு, பண உதவியாக வெள்ளி அனுப்பியவர்களுக்கு, அனுப்ப முடியவில்லையே என்று அழைத்து அழுதவர்களுக்கு. யார் பெயரும் போடவில்லை. பாதிப்பேர் போடாதே என்றார்கள், மீதிப்பேர் பெயரைக் கேட்கவே எனக்கு அன்று புத்தி இல்லை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

அவரையும் மகளையும் கரைக்கு ஏற்றிவிட்ட பிறகு படகில் நான் ஒருத்திதான். நீயும் கிளம்பியிருக்கலாமே என்று சித்தி இன்றுவரை கேட்கிறார். போயிருக்க முடியாது. பெரிய நங்கூரம் கடலுக்கடியில் கிடக்கிறது, படகை அப்போது பிடித்துக்கொண்டிருந்தது பெட்டிக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிய சின்ன நங்கூரம், அதற்குச் சங்கிலியும் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கயிறு. கயிறாக இருந்தால் ஆழத்தைப் போல ஏழு மடங்கு விட வேண்டும் என்பார்கள், விட்டிருந்தேன். பங்கோருக்கும் லுமுட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கால்வாய் மேற்குக் காற்றுக்கு நல்ல மறைவு, டச்சுக்காரர்கள் 1670-ல் வெள்ளீயத்தைப் பத்திரப்படுத்தக் கோட்டை கட்டியதும் தீவின் இந்தப் பக்கம்தான், அடியில் நல்ல சேறு. ஆனால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீரோட்டம் திசை மாறும். வடக்கே பார்த்து நின்ற படகு தெற்கே திரும்பும், கயிறு மறுபக்கம் இழுக்கும், அந்த நேரத்தில் நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம், மறுபடி பதியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சாதாரண நாளில் இதெல்லாம் ஒரு பயமா என்று சிரிப்பேன். அன்று முந்தின ராத்திரியும் தூங்காதவள்.

கைப்பேசியில் நங்கூர எச்சரிக்கை செயலி இருந்தது. வட்டத்தைச் சின்னதாக வைத்தால் படகு லேசாக ஆடினாலே அலறுகிறது, பெரிதாக வைத்தால் எச்சரிப்பதற்குள் பக்கத்துப் படகின் மேல் போய் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அணியத்தில், படகின் முன்முனையில், உட்கார்ந்து கயிற்றின் மேல் கை வைத்திருந்தேன். நங்கூரம் இழுபட்டால் கயிற்றில் ஒரு நடுக்கம் தெரியும். என் கையே நடுங்கிக்கொண்டிருந்ததால் எது எதுவென்று புரியவில்லை.

இருட்டின பிறகு ஒரு சம்பான், சின்ன மீன்பிடிப் படகு, வந்தது. வயசான மலாய்க்காரர், தனியாக. எதற்கு விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உதறல் எடுத்தது, டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே அடித்தேன். அவர் கண்ணைக்கூட மறைக்கவில்லை. நங்கூரத்தை நம்ப முடியவில்லை, தூங்கப் பயமாக இருக்கிறது என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். தலையை ஆட்டினார், திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார், மனைவியோடு. முக்காடு போட்ட பாட்டி, மடியில் ஒரு பிளாஸ்க், சம்பானின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் சொல்லி முடிப்பதற்குள் பாட்டி முந்திக்கொண்டு, "இவர் தனியாக வந்தால் நீ எப்படித் தூங்குவாய்? அதனால்தான் நானும் வந்தேன்" என்றார். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது. உதவி செய்ய வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, நான் மேலே போட்ட பட்டியலே அதற்குச் சாட்சி. நான் வாய் திறந்து சொல்லாத பயத்தைப் புரிந்துகொண்டு, அதற்காக மறுபடி கரைக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் கூட்டி வருவது எனக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

படகில் ஏறவே இல்லை இருவரும். சம்பானை எங்கள் படகின் அமரத்தில், பின்பக்கத்தில், கட்டிக்கொண்டார்கள். பாக்சிக் (மலாயில் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தூண்டில் நரம்பையும் கட்டைவிரல் அளவு ஈயக்குண்டையும் எடுத்துக் கொடுத்து, படகின் ஓரத்தில் நேர் கீழே தரையில் படும்வரை இறக்கச் சொன்னார். கொஞ்சம் தொய்வு விட்டு, நரம்பின் மேல் நுனியை ஒரு காலி மைலோ டின்னில் கட்டி, டின்னுக்குள் நாலைந்து ஆணியைப் போட்டு, இருக்கைப் பலகையின் விளிம்பில் வைக்கச் சொன்னார். குண்டு தரையிலேயே கிடக்கும். படகு நகர்ந்தால் நரம்பு விறைக்கும், டின் விழும், செத்தவனும் எழுந்திருப்பான் என்றார். என் செயலிக்கு நான் கொடுத்த வெள்ளி கொஞ்சநஞ்சமில்லை, சரி விடுங்கள்.

அப்புறம்தான் அவர் ஏன் போகாமல் உட்கார்ந்தார் என்பது எனக்கு விளங்கியது. நீர் திரும்பும்போது படகு சுற்றும், நங்கூரம் பிடித்திருந்தாலும் டின் விழத்தான் செய்யும். அந்த நேரத்தில் யாராவது முழித்திருந்து நரம்பை மேலே இழுத்து, படகு புதுப் பக்கம் நிலைத்து நிற்கும்வரை கரையில் இரண்டு விளக்கை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்து, நங்கூரம் மறுபடி பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு குண்டைப் புதிதாக இறக்க வேண்டும். இன்றைக்கு ஒரு மணிக்கு மேல் திரும்பும், அதைத் தாண்டிவிட்டால் விடியும்வரை கவலையில்லை, நீ போ, படு என்றார். நரம்பைச் சம்பானிலிருந்தே எட்டிப் பிடிக்கிற மாதிரி டின்னை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

நான் உள்ளே போய்ப் படுத்தேன். தூங்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் இரண்டு பேரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள், மருமகளைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ, பாட்டி நடுவில் ஒருதரம் சிரித்தார். பாட்டி வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசப் பேச நாம் கண் அசந்து போவோமே, அது மாதிரி போய்விட்டேன். டின் விழுந்ததா, நீர் எப்போது திரும்பியது, எதுவும் தெரியாது. எழுந்தபோது நல்ல வெயில். படகு முந்தின நாள் பார்த்ததற்கு நேரெதிர்ப் பக்கம் பார்த்து அதே இடத்தில் நின்றது, குண்டு மறுபக்கம் இறங்கியிருந்தது, டின் விளிம்பில் அப்படியே இருந்தது. சம்பானைக் காணோம். பிளாஸ்க்கை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், உள்ளே காப்பி இன்னும் சூடு.

பசியாறின பிறகு கேட்டுக் கேட்டு அவர்கள் கம்பத்து (கிராமத்து) படகுத்துறையைக் கண்டுபிடித்துப் போனேன். வெள்ளியைக் கையில் வைத்தேன், பாக்சிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிளாஸ்க்கை மட்டும் பாட்டி வாங்கிக்கொண்டு கழுவியிருக்கிறேனா என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கழுவியிருந்தேன்.

இந்தக் கரையோரப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாயைப் பற்றியும் காற்றைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். லங்காவியிலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து பங்கோர், ஒவ்வொன்றும் அறுபது எழுபது கடல்மைல், பகலில் ஓட்டிவிடலாம், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நடு மலாக்கா நீரிணையில் பெரிய கப்பல்கள், கரையோரம் முழுக்க வலைகள், இருட்டில் ஓட்டப் பிடிக்காமல்தான் சாயங்காலம் எங்காவது நங்கூரம் போடுகிறோம். போடுவதே தூங்கத்தான். அந்தத் தூக்கத்தை யாரோ ஒருவர் முழித்திருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது, எங்கள் படகில் இத்தனை நாளும் அது என் வீட்டுக்காரர்தான், நான் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. கை சரியானதும் அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

படகை விற்றுவிடு என்று சொன்ன உறவுக்காரர்கள் அனைவருக்கும் ஒரே பதில்: விற்கவில்லை. லுமுட்டிலிருந்து போர்ட் கிள்ளான் வரை மீதிப் பயணத்தை முடிக்கப் போகிறோம், இந்தத் தடவை எந்த நிறுத்தத்திலும் நீர் திரும்புகிற நேரம் என்னுடைய முறை. பக்கத்தில் புதுசாக யாராவது நங்கூரம் போட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தால் போய்க் கேட்பேன். மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

மாசி மகத்துக்குப் பங்கோர் வருகிறோம், அம்மனுக்கு வேண்டுதல் இருக்கிறது. அப்போது பாக்சிக்குக்கு ஒரு நல்ல நங்கூரக் கயிறு வாங்கிப் போக ஆசை, அவருடையது இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டது, நான் கவனித்தேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது, தீவுக்குப் போகும் படகு முதலில் நிற்கிற துறைக்குப் பக்கத்தில், நீலமும் மஞ்சளும் அடித்த சம்பான், அவருக்குத் தெரியாமல் கயிற்றின் தடிமன் 12 மில்லிமீட்டரா 14-ஆ என்று பார்த்துச் சொல்லுங்கள். நீளம் நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.