கொடைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை

ஆசிரியருக்கு வணக்கம்.

கருக்கலைப்புக்கு 24 வாரக் கெடு போதுமா, கூட்ட வேண்டுமா என்று உங்கள் இதழில் நடக்கும் விவாதத்தை விடாமல் படித்து வருகிறேன். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். அந்த வாரங்கள் எங்கே போய்த் தொலைகின்றன என்பதை இதுவரை யாரும் எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை உண்டாகியிருப்பதை 'முழுகாம இருக்கா' என்போம். வாரக் கணக்கும் கடைசியாகக் குளித்த, அதாவது மாதவிடாய் வந்த, தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. நாள் தள்ளிப் போச்சே என்று ஒருத்தி முதன்முதலாக யோசிக்கும்போதே 4 வாரம் கணக்கில் ஏறிவிடும். எப்போது குளித்தாய் என்று கேட்டால், "கொடைக்கு முந்தின செவ்வாக்கெழம நர்சக்கா" என்று பதில் வரும். எந்தக் கோயில் கொடைத் திருவிழா என்று விசாரித்து, காலண்டரைப் புரட்டித்தான் அட்டையில் தேதி எழுதுவேன். அப்புறம் ஸ்கேன் எடுத்தால் அது இரண்டு வாரம் முன்னே பின்னே காட்டும்.

2022-இல் ஒரு பெண் கைக்குழந்தையோடு துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம், பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இவன் பொறந்ததுக்கு அப்புறம் குளிக்கவே இல்லக்கா, வயிறு மட்டும் கனமா இருக்கு" என்றாள். படுக்க வைத்துக் கை வைத்துப் பார்த்தேன். கர்ப்பப்பை தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. நாலரை மாதம். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாய் வராமல் இருப்பது சகஜம், அதைத்தான் அவளும் நம்பியிருந்தாள். தனக்கு இது வேண்டாம், உடம்பில் தெம்பில்லை என்று அழுதாள். அன்றே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

போன இடத்தில் கணவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் வளைகுடாவில் இருந்தார். மாமியாரைக் கூட்டி வா என்றார்கள். மாமியார் வரவில்லை. மூன்றாவது முறை போனபோது 20 வாரம் தாண்டிவிட்டது என்று கையை விரித்தார்கள். 24 வாரம் என்பது சட்டம் சொல்லும் சில வகைப் பெண்களுக்குத்தான், மற்றவர்களுக்கு 20 வாரம்தான்.

18 வயது நிரம்பிய பெண்ணுக்கு, மனநலம் பாதிக்கப்பட்டவர் நீங்கலாக, அவள் சம்மதம் மட்டும் போதும் என்று 1971 கருக்கலைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்பத்தாரின் சம்மதம், நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாததை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்கிறார்கள். பயப்படுகிறார்கள், அல்லது பழக்கம்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க மறுத்ததே, அந்தப் பெண்ணும் இப்படித்தான். இரண்டு பிள்ளைக்காரி, பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை என்றுதான் அவரும் சொன்னார். இவ்வளவு தாமதமா என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணை நன்றாகத் தெரிந்த மாதிரியே இருந்தது.

அதற்காகக் கெடுவே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. 28 வாரத்தில் பிறந்து பிழைத்த பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன். ஆனால் சின்னப் பெண்கள் விஷயம் வேறு. 13, 14 வயதில் மாதம் தவறினால், வயசுக்கு வந்த புதிது, ஒழுங்காக வராது என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். அந்தப் பிள்ளையோ மிரட்டலுக்குப் பயந்து வாயே திறக்காது. வயிறு தெரியும்போது ஆறு மாதம் ஆகியிருக்கும். 2021 திருத்தத்தின்படி 24 வாரத்துக்கு மேல் மருத்துவக் குழு அனுமதிக்க முடிவது, கருவுக்குப் பெரிய குறைபாடு இருந்தால் மட்டுமே. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சிறுமிக்கு அந்த வழி கிடையாது. அவள் உயிருக்கே ஆபத்து என்றால் ஒழிய, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மும்பைப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு 14 வயது. 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மறுத்து, உச்ச நீதிமன்றம் அனுமதிப்பதற்குள் 30 வாரத்தை நெருங்கிவிட்டது. கடைசியில், மகளின் உடம்புக்கு என்ன ஆகுமோ என்று பெற்றோர் பின்வாங்கியதால் அந்த உத்தரவையே உச்ச நீதிமன்றம் திரும்பப் பெற்றது. ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் அலைய விடலாமா?

அந்த மருத்துவக் குழுவுக்கு 3 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சிறுமிகளையும் அந்தக் குழுவே பார்க்கட்டும். மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கட்டும். கெடுவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பெரியவர்கள் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலிலும், '18 வயது நிரம்பியவருக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் போதும், எத்தனையோ பேருக்கு மூன்று நான்கு வாரம் மிச்சமாகும்.

முழுக் கடிதத்துக்கும் இடமில்லை என்றால், அந்த ஒரு வரியை மட்டுமாவது கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தென்காசி மாவட்டம்.