அம்மையின் பாட்டையும் பாடுங்கள்

சிவாலய அறங்காவலர்களுக்கும் திருமுறை மன்றத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். எலும்பு துருத்திய உடம்பு, கையில் தாளம். சுற்றி வருகிறவர்கள் பிள்ளைகளிடம் அவரைக் காட்டி மாம்பழக் கதையைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவிலும் பிச்சாடனர் வீதி வரும்போது மொட்டை மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கும். பிடித்த பழத்தைப் பிள்ளை வரம் வேண்டிச் சாப்பிடும் பெண்களும் உண்டு. அழகான விழா, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழத்தோடு நம் ஞாபகம் நின்றுவிடுகிறது. அவர் கவிஞர் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது, பலருக்கு அதுவும் இல்லை.

பூசை முடிந்ததும் பஞ்சபுராணம் பாடுகிறோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். அம்மையாரின் பாடல்கள் இருப்பதோ பதினோராம் திருமுறையில். அந்த ஐந்தில் அதற்கு இடமே இல்லை. ஆக, அவரைப் பற்றிச் சேக்கிழார் பாடியது என்றைக்காவது காதில் விழலாம், அவரே பாடியது விழாது. தேவார மூவருக்கும் முன்னால் வாழ்ந்தவருக்கு இந்த நிலைமை!

'பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல் சிறந்துநின் சேவடியே சேர்ந்தேன்' என்று தொடங்குகிறது அவருடைய அற்புதத் திருவந்தாதி. பேசப் பழகிய நாளிலிருந்தே உன்மேல்தான் ஆசை என்கிறார். யாருடைய மனைவி, யாருடைய மகள் என்ற பேச்சே அதில் கிடையாது.

'அம்மையார் பாட்டு சுடுகாடும் பேயுமாக இருக்கிறதே, சந்நிதியில் எப்படிப் பாடுவது?' என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். சம்பந்தரின் முதல் பாட்டிலேயே 'காடுடைய சுடலைப்பொடி பூசி' வருகிறதே, அதைத் தினமும் பாடுகிறோமே என்றேன். அம்மையார் தலையால் நடந்த மண் என்று திருவாலங்காட்டை மிதிக்கத் தயங்கி, அந்தச் சம்பந்தரே பக்கத்து ஊரில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். 'நம்மைப் பேணும் அம்மை காண்' என்று உமையிடம் சொல்லிவிட்டு, 'அம்மையே' என்று அவரைக் கூப்பிட்டவர் சிவபெருமானே. தாயும் தந்தையும் இல்லாதவன் என்று நாம் பாடுகிறோமே, அவர்தான்.

பஞ்சபுராண முறையை மாற்றச் சொல்லவில்லை. பங்குனிச் சுவாதியில் அவருடைய குருபூசை வருகிறது. அன்றைக்கு வழக்கம்போல அபிஷேகம், அன்னதானம் என்று முடித்துவிடாமல், அவர் பாடிய மூத்த திருப்பதிகம் இரண்டையும் முழுதாகப் பாட ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். பண் குறித்தே வைத்திருக்கிறார்கள், மெட்டுக்கு யாரும் அலைய வேண்டாம். மற்ற நாட்களில், ஐந்து பாட்டுக்கு முன்னால் அந்தாதியில் ஒரு வெண்பா போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது.

பாடுவது பெண்ணாக இருந்தால் இன்னும் பொருத்தம். 2021-ல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் பெண் ஓதுவார் ஒருவரை அரசு நியமித்தது. எல்லாக் கோயிலுக்கும் அப்படி நியமனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்த் திருமுறை வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தானே? போட்டியில் பரிசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம், சந்நிதியில் பாடக் கூப்பிடுவதில்லை. இந்தத் தடவை கூப்பிடுங்கள். பதிகம் இரண்டையும் பிழையில்லாமல் பாடம் செய்ய அவர்களுக்குச் சில மாதம் வேண்டும். அதனால் அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசி முடிவு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தினம் பிராகாரம் சுற்றும் ஓர் அடியாள்