மோனசைட் இருப்பது ஏற்காட்டுச் சாலையோரத்தில் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஏற்காடு பயணக் கட்டுரையில், கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் மின்னும் செந்நிற மணிகள் மோனசைட் என்றும், அது விலைமதிப்பற்ற புதையல் என்றும் ஒரு வரி வந்திருந்தது. அடுத்த ஞாயிறே எங்கள் தெருப் பிள்ளைகள் மூவர் ஒரு துணிப்பை நிறையக் கற்களோடு என் வாசலில் வந்து நின்றார்கள். 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மோனசைட் என்பது சீரியம் போன்ற அருமண் தனிமங்களும் கதிரியக்கத் தோரியமும் அடங்கிய ஒரு பாஸ்பேட் தாது.

அவர்கள் கொண்டுவந்த மணிகளைப் பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தோம், கீறல் விழவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டில் அழுத்தித் தேய்த்தபோது கண்ணாடியில்தான் கோடு விழுந்தது. அது கார்னெட் என்னும் கடினமான செந்நிறத் தாதுவின் குணம். மோனசைட்டின் கடினத்தன்மை 5 முதல் 5.5 வரைதான்; நல்ல எஃகுக் கத்திக்கு அது வழிவிடும். பழுப்பு கலந்த சிவப்போ மஞ்சளோ, குங்கிலியம் போன்ற மங்கிய பளபளப்போடு இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி அதற்கு.

கடற்கரையில் அது சேர்வதற்கும் இந்தக் கனமே காரணம். மலைப்பாறைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருக்கும் துகளை மழையும் ஆறும் கடலுக்குக் கொண்டுபோகின்றன. அலை இலேசான மணலை வாரிக்கொண்டு திரும்பும்போது, கனமான மணிகள் கரையிலேயே தங்கிவிடுகின்றன. முறத்தில் புடைப்பது போலத்தான். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சி மணல் அப்படிப் புடைக்கப்பட்டதுதான். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் அங்கே மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். கல்யாண ஊர்வலங்களில் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டில் தோரியம் ஆக்சைடால் ஆனது. அந்தத் தோரியத்துக்காகத்தான் அன்று உலகம் மோனசைட்டைத் தேடியது. இன்று தேடுவது காந்தங்களுக்கான நியோடிமியம் என்னும் அருமண் தனிமத்தை.

'அருமண்' என்ற பெயரும் பிள்ளைகளைக் குழப்புகிறது. மோனசைட்டில் மிகுந்துள்ள சீரியம், நிலவோட்டில் ஈயத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. வெட்டியெடுக்கும் அளவுக்கு ஓரிடத்தில் திரண்டு கிடப்பதுதான் அரிது. 1829இல் பெயரிட்டவரும் 'தனித்திருப்பது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

வேதியியல் ஆசிரியையாக எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பாஸ்பேட் பிணைப்பு. சீரியம், லாந்தனம், நியோடிமியம், கூடவே தோரியம் அனைத்தையும் அது இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. மழைநீரில் எளிதில் கரையாது. ஆலையில் அதை உடைக்க, சூடான அடர் காஸ்டிக் சோடாவில் வேகவைக்க வேண்டும். தோரியத்தின் கதிரியக்கத்தால் படிக அமைப்பு சிதைந்தாலும், மோனசைட் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்; சிர்கான் என்னும் தாதுவோ உருக்குலைந்துவிடும். உள்ளே தோரியமும் யுரேனியமும் சிதைந்து உண்டாகும் ஈயத்தை அளந்து, பாறையின் வயதைச் சொல்கிறார்கள்.

அந்த வயதுக் கணக்கில் நம் மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. கட்டுரையாளர் தவறவிட்டது அதைத்தான். சேர்வராயன் மலை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைய சார்னோகைட் என்னும் பாறை. அதன் உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் உண்டு. அடிவாரத்தில் வெள்ளைக்கல் என்னும் மாக்னசைட் உண்டு. மோனசைட் அங்கே நுண்ணோக்கியில் தேட வேண்டிய பொருள். சேலம் மாவட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவில் விளைந்திருப்பது மேற்கே, எடப்பாடிப் பக்கம், பக்கநாட்டில். அங்கே பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த கார்பனடைட் என்னும் கார்பனேட் குழம்புப் பாறையில் மோனசைட்டும், பாரைட், அலனைட் என்னும் வேறு தாதுக்களும் சேர்ந்திருக்கின்றன. அந்த மோனசைட்டின் வயது ஏறத்தாழ 76 கோடி ஆண்டுகள். சேர்வராயன் பாறைகள் உருவாகி 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த விருந்தாளி அது. எங்கள் பள்ளிப் பாடநூல் வெள்ளைக்கல்லையும் கஞ்சமலை இரும்பையும் சொல்லும். பக்கநாட்டை நான் கற்பித்த காலம் முழுதும் எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. இது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

இதைப் படித்துவிட்டு யாரும் பையைத் தூக்கிக்கொண்டு பக்கநாட்டுக்குக் கிளம்ப வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். கதிரியக்கத் தாதுவை வீட்டில் சேர்த்துவைப்பது நல்லதல்ல. மோனசைட் அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டிலுள்ள பொருளும்கூட. சாலையோர மண்ணைத் தோண்டினால் மலைச்சரிவு தளர்வது தனி ஆபத்து.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் பக்கநாட்டைப் பற்றி ஒரு நிலவியல் பேராசிரியரிடம் கட்டுரை கேட்டு வாங்குங்கள். துணிப்பையோடு வந்த மூவரும் கார்னெட் என்றதும் முகம் வாடித்தான் போனார்கள். பக்கநாட்டுக் கதையைச் சொன்னபிறகு, '76 கோடியை எப்படிக் கணக்குப் போட்டார்கள்?' என்று கேட்டாள் அவர்களில் சிறியவள். அரைவாழ்வுக் கணக்கை வரும் ஞாயிறு சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.