கமலாவுக்கு, பஸ் காசு பற்றி

அன்புள்ள கமலா,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான், இவருக்கு முட்டிவலி வந்து வந்து போகிறது. உன் மகள் கல்யாணப் படங்கள் கிடைத்தன. பட்டு ஜோர். மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியதில் பாதியை நம்புகிறேன், மீதியை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழை நாடுகளில் புற்றுநோய் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் என்று எங்கள் பல்கலைக்கழகம் ஒரு சின்ன கிராண்ட், அதாவது நிதியுதவி, தருகிறது. விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைக்கும் குழுவில் இந்த வருடம் என்னையும் போட்டிருக்கிறார்கள். போன வாரக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். இன்னும் மனசு ஆறவில்லை. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

வடக்கு உகாண்டாவிலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் எழுதியிருந்தார். அங்கே குழந்தைகளுக்கு பர்கிட் லிம்ஃபோமா என்று ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. தாடை வீங்கும், பல் ஆடும், சில பிள்ளைகளுக்குக் கண் பிதுங்கிவிடும். மனித உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் கட்டிகள் குறைவு. கீமோ கொடுத்தால் அதே வேகத்தில் கரையவும் செய்யும். சைக்ளோபாஸ்பமைடு, வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், எல்லாம் பழைய மருந்துகள்தான். முதல் சுற்று முடிந்த சில நாளிலேயே முகம் பழையபடி ஆகிவிடும். வில்லங்கமே அங்கேதான். பிள்ளை தேறிவிட்டான் என்று அம்மா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பல சுற்று போட வேண்டும். திரும்பி வர பஸ் காசு இல்லை, வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பாதியில் விட்டால் கட்டி மறுபடி வருகிறது. அப்படி வந்த பிறகு காப்பாற்றுவது மிகவும் கஷ்டம்.

அந்த மருத்துவர் கேட்டது இவ்வளவுதான்: குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவு, கூட இருக்கும் தாய்க்குச் சாப்பாடு, வராதவர்களைத் தேடிப் போக ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். எங்கள் குழுவில் ஒருவர் “இது ஆராய்ச்சி இல்லை, தர்மம்” என்றார். மரபணு வரிசையைப் படிக்கும் கருவி கேட்ட இன்னொரு விண்ணப்பத்துக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். கருவிக்கு நான் விரோதி இல்லை. ஆனால் பிள்ளைகள் பாதியில் மறைந்துபோகும் இடத்தில், எந்த மருந்து யாருக்கு வேலை செய்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கேட்டேன். தலைவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார்.

இந்த நோய்க்கே ஒரு கிராண்ட் கதை உண்டு, கேள். கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட் 1958இல் இதைப் பற்றி எழுதினார். எந்த ஊர்களில் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்குப் படத்தோடு கேள்வித்தாள் அனுப்பினார். அதற்கு அரசிடமிருந்து கிடைத்தது 25 பவுண்டு. 1961இல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் சுமார் 10,000 மைல் சுற்றி நேரிலும் விசாரித்தார். அதே வருடம் லண்டனில் அவர் பேச்சைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர், இதன் பின்னால் வைரஸ் இருக்கும் என்று பிடித்துக்கொண்டார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எப்ஸ்டீனுக்கு 45,000 டாலர் கொடுத்தது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டன் போகும். ஒருநாள் மூடுபனி, விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். மாதிரி வந்து சேர்ந்தபோது திரவம் கலங்கியிருந்தது. கிருமி புகுந்துவிட்டது என்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அத்தனையும் உயிரோடு மிதக்கும் புற்று செல்கள்! அந்த செல்களை வளர்த்துத்தான் 1964இல் எப்ஸ்டீன்–பார் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரியவந்த முதல் வைரஸ் அது.

படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது கமலா, வயிறும் எரிகிறது. அந்தத் துண்டு ஒரு உகாண்டாப் பிள்ளையின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்தது. விமானம் ஏற்றிக் கொண்டுபோகப் பணம் இருந்தது. இன்றைக்கு அந்த ஊர்ப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றக் கேட்டால் தர்மம் என்கிறார்கள்.

அப்புறம் பணம் யார் கையில் இருக்கிறது என்பது. 1967இல் அமெரிக்க உதவியோடு கம்பாலாவில் லிம்ஃபோமா சிகிச்சை மையம் தொடங்கினார்கள். சர்வாதிகாரி இடி அமின் ஆட்சிக்கு வந்த பிறகு 1972இல் அமெரிக்கர்கள் கிளம்பிவிட்டார்கள். சார்ல்ஸ் ஒல்வெனி என்ற உகாண்டா மருத்துவர் பொறுப்பேற்று நடத்தினார். இன்றைய உகாண்டா புற்றுநோய் நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மேற்செலவுக்கென்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 8 சதவீதம்தான் கொடுத்து வந்தன. இங்கே அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் 50 சதவீதத்துக்கு மேல் பேசி வாங்கியிருக்கின்றன. அந்த எட்டில்தான் அவர்கள் கணக்கர், கரண்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2025 மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும் துணை கிராண்டுகளையே பழைய முறையில் இனிக் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். பல்கலைக்கழகங்களின் சொந்தப் பணம், சிறியதாக இருந்தாலும், இந்த நேரத்தில் எவ்வளவு முக்கியம் என்று உனக்குப் புரியும்.

இப்போது உன்னிடம் வேலை. உங்கள் பக்கத்து அம்பிளிக்கையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக நடந்த வினிகர் பரிசோதனை ஆய்வில் உன் மாமியார் நர்சாக இருந்தாரே? கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 வயதிலிருந்து 59 வரையுள்ள பெண்கள், 31,000 பேருக்கு மேல் வந்து பார்த்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற நர்சுகளே கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்) தடவிப் பார்த்து, வெள்ளைத் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அன்றைக்கே அந்த இடத்தை உறைய வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தக் கட்டுரை என் மேசையில்தான் இருக்கிறது. களை எடுக்கப் போகிற பெண்ணை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முகாமுக்கு எப்படி வர வைத்தார்கள் என்பது அதில் இல்லை. யார் வீடு வீடாகப் போனது? வண்டி வைத்தார்களா? மாமியார், புருஷன் சம்மதிக்காத இடத்தில் என்ன பேசினார்கள்? முதல் தடவை வராத பெண்ணை மறுபடி எப்படிக் கூப்பிட்டார்கள்?

அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். இதையெல்லாம் எழுத்தில் வைத்து, ஆளைத் திரும்ப வர வைப்பதும் ஆராய்ச்சியில் சேர்ந்ததுதான் என்று வாதாடப் போகிறேன். உன் மாமியார் பேசுவதை அப்படியே போனில் பதிவு செய்து அனுப்பு. விடுதியில் என் காதல் கடிதத்தையே மூன்று வரியாகச் சுருக்கியவள் நீ. இதைச் சுருக்காதே.

உன்,
விஜயா