பம்பாய் நீதிபதியின் கணக்கு: எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நாட்டை உலுக்கும் குற்றம் ஒன்று நடந்துவிட்டால், ‘தூக்கில் போட்டால்தான் பயம் வரும்’ என்று உங்களில் யாராவது எழுந்து பேசுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை பேசுமுன் சர் ஜேம்ஸ் மெக்கின்டோஷின் கணக்கை ஒரு தடவை பாருங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர். கடன் தொல்லையோடு 1804இல் பம்பாய்க்கு ரெக்கார்டராக, அதாவது அங்கிருந்த ஆங்கிலேய நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வந்தார். ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. சொந்த நாடு திரும்பியதும் கிடைக்கப்போகும் பென்ஷன்தான் ஆறுதல். அவருக்கு மாலை போடச் சொல்லவில்லை.

1811 ஜூலையில், கிளம்பும் முன், குற்றச்சாட்டு பற்றி முடிவு சொல்லும் குடிமக்களான ஜூரிகளிடம் அவர் ஒரு கணக்கை வைத்தார். 1756 மே முதல் 1763 மே வரை பம்பாயில் மரண தண்டனைக்குரிய குற்றங்களில் குற்றவாளி எனத் தீர்ப்பானவர்கள் 141 பேர். தூக்கிலிடப்பட்டவர்கள் 47 பேர். தம் காலத்தில், 1804 மே முதல் 1811 மே வரை, அப்படித் தீர்ப்பானவர்கள் 109 பேர். தூக்கு ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் ஊரின் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது.

ஒரு தீவின் ஏழு வருடக் கணக்கு எதையும் நிரூபிக்காது என்பீர்கள். சரி. அவரும் அதோடு நிற்கவில்லை. 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எம்.பி. ஆனார். அப்போது இங்கிலாந்தில் தூக்குக்குரிய குற்றங்கள் இருநூறுக்கும் மேல். ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் (அக்கால ஆங்கில நாணயம்) பெறுமான பொருளைத் திருடினாலே தூக்கு. அதனால் ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? திருடுபோன பொருள் எவ்வளவு விலை போனாலும் ‘39 ஷில்லிங்’ என்று கூசாமல் சொன்னார்கள். கடைக்காரர்களோ ஒரு உயிர் போய்விடுமே என்று புகாரே கொடுக்காமல் விட்டார்கள். 1819 மார்ச் 2 அன்று அரசின் எதிர்ப்பை மீறி, 147க்கு 128 என்ற வாக்கில், இதை விசாரிக்கக் குழு ஒன்றை அமைக்கவைத்தார் மெக்கின்டோஷ். தலைமையும் அவரே. வியாபாரிகளையே கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்.

2018இல் 12 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு வரை தண்டனை கொண்டுவந்தீர்கள். செய்தவன் மாமனோ சித்தப்பாவோ என்றால் புகார் கொடுக்க வீடே தயங்கும் என்று குழந்தைகளுக்காக வேலை செய்பவர்கள் அப்போதே சொன்னார்கள். அந்தக் கடைக்காரர்களின் தயக்கம்தான் இதுவும்.

பயங்கரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் ஆகிய வழக்குகள் தவிர மற்றவற்றில் மரண தண்டனையைக் கைவிடலாம் என்று சட்ட ஆணையம் 2015இலேயே பரிந்துரைத்தது. அந்த அறிக்கையை எடுத்துவைத்து ஒரு கூட்டுக்குழு அமையுங்கள். அதிகாரிகளை மட்டும் அழைக்காமல், புகார் கொடுக்க வந்துவிட்டுப் பாதியில் திரும்பிப்போன குடும்பங்களையும், பெயர் வெளியே தெரியாமல், கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்