லாச்சிக்குள் கிடந்த அட்டைகள்

கல்லடி
புதன்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உதயதேவி ரயிலில் வந்து இறங்கிய நாளிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்க நினைக்கிறேன். போன் எடுத்தால் மருமகன் பக்கத்தில் இருப்பாரோ என்று வேறு கதை கதைத்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

அங்கே நின்றபோது ஊசி நூல் தேடி உன் மேசை லாச்சியைத் திறந்தேன். மாதவிடாய் வலிக்குப் போடுகிற மெபனமிக் அசிட் குளிசையின் வெற்று அட்டைகள் நாலு, ரப்பர் பட்டி போட்டுக் கிடந்தன. பாமசியில் காட்டி வாங்க வைத்திருக்கிறாய் போல. பக்கத்தில் டைக்ளோபெனாக் பாதி அட்டை.

என் முழங்காலுக்கு அந்த டைக்ளோபெனாக்கைப் போட்டுப் போட்டு பிரசர் ஏறினதும், கிளினிக்கில் ஏச்சு வாங்கினதும் உனக்குத் தெரியும். இரண்டும் ஒரே குடும்பத்து வலி மருந்து, மகள். சேர்த்துப் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் பாடுபடும். சாப்பிட்டுவிட்டுப் போடு. வெறும் தேத்தண்ணியோடு பஸ்ஸுக்கு ஓடுகிறவள் நீ. சின்னதில் உனக்கு மூச்சு முட்டு இழுத்தது, இந்த வகைக் குளிசை சிலருக்கு அதைக் கிளப்பிவிடும். பனடோல், அதுதான் பரசிட்டமோல், என்றாலும் 500 மில்லிகிராம் குளிசை நாளைக்கு 8க்கு மேல் கூடாது. தடிமன் குளிசை பலதுக்குள்ளும் அதே மருந்துதான் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்.

பாங்கில் உனக்குப் பதவி கூடினதைப் பெரியம்மாவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி, உடம்புக்கு லீவு போட மட்டும் தெரியவில்லை.

விசேஷம் ஏதும் என்றால் டொக்டரைக் கேளாமல் இந்தக் குளிசைகளைத் தொடாதே. ஐந்து மாதத்துக்குப் பிறகு வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன்.

சரி, கேட்க வந்ததை விட்டு எதையோ எழுதுகிறேன். ஒன்பதாம் ஆண்டில் நீ குசினி வாசலில் அம்மிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாய். சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்து, பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு. "எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான், அப்பாவுக்குக் கேட்கப்போகுது, எழும்பு" என்றேன். இரண்டு பனடோல் தந்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். மாதா மாதம் அதுதான். பாலம் தாண்டினால் பெரியாஸ்பத்திரி, ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. கலியாணம் பேசும்போது "வயிற்று வருத்தக்காரி" என்று யாரும் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். வலியை விழுங்கப் பழக்கினவள் நான்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்கு வந்த குடும்பநல மாது எண்டோமெற்றியோசிஸ் பற்றிச் சொன்னா. கருப்பையின் உள்பக்கம் இருப்பது போன்ற சவ்வு வெளியிலும் வளருமாம். பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்குமாம். குளிசை வலியை அடக்கும், வருத்தம் உள்ளே அப்படியே இருக்கும் என்றா. உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டும்.

வருகிற மாதம் நான் வந்து நிற்கிறேன். டொக்டரிடம் இரண்டு பேரும் போவோம். அந்த அட்டைகளை எறியாதே, அவர் பார்க்க வேண்டும். மருமகனுக்கும் சொல். நான் அப்பாவுக்கு மறைத்தது போல நீ மறைக்காதே. தயிர் முட்டி ஒன்று கொண்டுவருகிறேன்.

அம்மா

சாப்பிடாமல் போடாதே, மகள்.