அம்மாவின் அம்பாசிடரை மறுபடி ஓட வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இன்று காலை ஆறரை மணிக்கு சோக்கைப் பாதி இழுத்து செல்ஃப் போட்டேன். இரண்டே சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. பதினோரு வாரத்துக்குப் பிறகு யாரும் தள்ளாமல் எங்கள் அம்பாசிடர் வாசலை விட்டு நகர்ந்தது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "போலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்கள் ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டேன். உங்களில் பாதிப் பேரின் முகவரி என்னிடம் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

இது 1977-ஆம் வருட மார்க் 3 மாடல். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், கார்புரேட்டர் வண்டி. "உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இன்னும் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அவர்கள் அக்கறையில் கேட்டதுதான். ஆனால் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் தாழ்வான காரில் உட்கார்ந்து எழ முடியவில்லை. இதில் சீட்டு உயரம், கதவு அகலம். வாரம் ஒருமுறை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு பிசியோதெரபிக்குப் போக எங்களுக்கு இதுதான் தோது.

முதலில் எங்கள் தெருமுனை டீக்கடைத் தம்பிகளுக்கு நன்றி. எத்தனை காலைகள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து தள்ளினீர்கள்! ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அடுத்து பேட்டரிக் கடை பாய். நாலு மாதத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றி, செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ் போட்டு, மூன்றாவது பேட்டரி கேட்டு உங்களிடம் வந்தேன். விற்றிருந்தால் உங்களுக்கு லாபம்தான். நீங்களோ மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கே வந்தீர்கள். நிற்கும்போது 12.6 வோல்ட். இன்ஜினை ஓடவிட்டு வேகம் கூட்டினால் 14 பக்கம் ஏற வேண்டியது, 12.1-க்கு இறங்கியது. "பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு, அதுக்கு சாப்பாடு போகல" என்று சொல்லிவிட்டு, டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவிடம் என்னை அனுப்பி வைத்தீர்கள்.

ஐயா, உங்களைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

நீங்கள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓட்டச் சொல்லிவிட்டு டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஐடிலில் மங்கலாக எரிந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் அணைந்தது. இன்னும் கொடுத்ததும் முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது. மூன்று மாதமாக நான் தினமும் பார்த்ததுதான் அது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே, "டைனமோ செத்திருந்தா இப்படி எரியாது. அது அளவுக்கு மீறி வேலை செய்யுது, ஆனா கட்டவுட் கதவைத் திறக்க மாட்டேங்குது" என்றீர்கள். டைனமோதான் வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிப்பது; அதைப் பேட்டரியோடு சேர்த்துவிடும் தானியங்கி சுவிட்சுதான் கட்டவுட். விளக்கின் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் டைனமோ. இரண்டும் சமமானால் விளக்கு அணையும். டைனமோ பேட்டரியைத் தாண்டி ஏறினால், மின்சாரம் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து மறுபடி எரியும். நோட்டில் படம் போட்டு நீங்கள் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது.

அதையும் வாய் வார்த்தையோடு விடவில்லை. டைனமோவில் இருந்த இரண்டு ஒயரையும் கழற்றி, அதன் டி (மின்சாரம் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்ட் காயில் முனை) இரண்டையும் சின்ன ஒயரால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வைத்து, மெதுவாக வேகம் கூட்டச் சொன்னீர்கள். ஐடிலைக் கொஞ்சம் தாண்டியதுமே முள் 20 வோல்ட்டைத் தொட்டது. "போதும், இதுக்கு மேல ஏத்தாதே, காயில் வெந்துடும்" என்று உடனே நிறுத்தினீர்கள். புது டைனமோவுக்கு நான் எடுத்து வைத்திருந்த பணம் அந்த நிமிடமே மிஞ்சியது.

அப்புறம் கட்டவுட் பெட்டியின் ஈ முனையிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் தேடினீர்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்ட்! போன வருஷம் ஒரு பட்டறையில் வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது பானெட்டுக்கு உள்ளேயும் அடித்துவிட்டு, எர்த் ஒயரை அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். அந்த எர்த் இல்லாமல் கட்டவுட்டும் டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்காது, ரெகுலேட்டரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தாது. உலோகம் தெரியும்வரை சுரண்டி, வாசலின் தடவி மறுபடி முடுக்கியதும் மீட்டர் 14.2 காட்டியது. சிவப்பு விளக்கு அணைந்தது. திரும்ப எரியவில்லை. கூலி கேட்டதற்கு, "இதுல என்னம்மா வேலை, சுரண்டினதுதானே" என்றீர்கள். எனக்கு அது வெறும் சுரண்டினது இல்லை ஐயா.

ஆனாலும் காலையில் செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றியது. இதைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டுச் சின்னப்பெண். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் செல்ஃப் போடும்போது சோக் கம்பியைத் தொட்டுவிட்டு, "அக்கா, இது ஏன் சுடுது?" என்று கேட்டாள். கண்ணா, நீ அதைக் கேட்காமல் போயிருந்தால் நான் செல்ஃபை இன்னொரு முறை கழற்றியிருப்பேன். இன்ஜின் ரப்பர் மவுன்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அந்தப் பட்டைக்கு அடியிலும் அதே பெயின்ட். செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் மெல்லிய சோக் கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே மீட்டர் வைத்து செல்ஃப் போட்டதில் 3 வோல்ட் விழுந்தது. அரை வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார். புதுப் பட்டை போட்டதும் இன்ஜின் சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது.

சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் கடை அண்ணாச்சிக்கும் நன்றி. வண்டியின் பெட்ரோல் பம்பை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதற்குள் பெட்ரோலை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வான டயஃப்ரத்தின் சரியான கிட்டை மறுநாளே பஸ்ஸில் போட்டுவிட்டீர்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடு என்று கேட்காமலே சொன்னீர்கள்.

கடைசியாக, பாபநாசம் டீக்கடையில் பார்த்த லாரி டிரைவர் அண்ணன். டயஃப்ரம் மாற்றுவதற்கு முந்தைய வாரம் அது. மதிய வெயிலில் பத்து நிமிஷம் நிறுத்தியதற்கே வண்டி மறுபடி எடுக்கவில்லை. அம்மா உள்ளே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நீங்கள் உங்கள் துண்டைத் தண்ணீரில் நனைத்து பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் சுற்றிவிட்டு, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் பொறுங்கள் என்றீர்கள். அதுவரை அம்மாவை உங்கள் லாரி நிழலில் உட்கார வைத்தீர்கள். வண்டி கிளம்பிய பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். துண்டும் என்னிடமே இருக்கிறது. துவைத்து மடித்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வியாழனும் பதினோரு மணிவாக்கில் அதே டீக்கடையில் நிற்போம். அந்தப் பக்கம் வந்தால் கிரீம் கலர் அம்பாசிடரைப் பார்த்ததும் நிறுத்துங்கள் அண்ணே. அம்மாவும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நன்றியுடன்,
அம்பாசிடர் அம்மாவின் மகள்,
கும்பகோணம்